முன்சில்லு மடிந்த மொரிஸ் மைனர்: பாகம் எங்கே தேடுவது?

வாசகர் கேள்வி, களுவாஞ்சிக்குடி. 2024 பெப்ரவரி 3

மாமனார் விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 கார் எங்கள் வீட்டில் நிற்கிறது. நேற்று ஒழுங்கைக்குள் திரும்பும்போது முன் இடது சில்லு மடிந்து, கார் அந்த மூலையில் நிலத்தில் குந்திவிட்டது. கராஜில் பார்த்தவர்கள், இதற்கெல்லாம் இப்போது பாகம் கிடையாது, முன்பக்கத்தை வெட்டி யப்பான் வாகனம் ஒன்றின் அச்சையும் என்ஜினையும் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். உண்மையிலேயே பாகம் கிடையாதா?

பெப்ரவரி 3, இரவு

கிடைக்கும். வெட்ட விடாதீர்கள்.

உங்களுக்கு நடந்தது மைனருக்கே உரிய பழைய நோய். முன்சில்லைத் தாங்கும் கிங்பின்னின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரை வெட்டியிருக்கும். அந்த மரையில் திருகி உட்காரும் மூட்டைக் கையேட்டில் ட்ரனியன் என்று எழுதியிருப்பார்கள். காரின் பாரம் அந்தக் கீழ்மூட்டின் மரைப் பற்களை எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கிறீஸ் போகாவிட்டால் பற்கள் தேய்ந்து கத்தி முனைபோல் ஆகிவிடும். ஒருநாள் கிங்பின் மூட்டைவிட்டுக் கழன்று வெளியே வரும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திரும்பும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கும். உங்களுக்கும் ஒழுங்கைக்குள் நடந்தது. கல்முனை வீதியில் அறுபதில் போகும்போது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கிலாந்தில் இந்தப் பாகத்தைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். 1948இல் வெளிவந்து 1971 வரை பதினாறு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார் இது. பிரித்தானியக் கார்களில் பத்து லட்சத்தை முதலில் எட்டியதும் இதுதான். அவ்வளவு கார்களுக்கும் சில்லு மடியும் ஆபத்து இருக்கிறது, அதனால் மூட்டுக்கு இன்றும் சந்தை இருக்கிறது. அவசரமென்றால் காத்தான்குடியில் லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருக்கும் எவரும் கடைந்து தருவார்.

பெப்ரவரி 4, காலை

நேற்றுச் சொல்ல விட்டுப்போனது. காரைக் கட்டி இழுக்காதீர்கள். மடிந்த பக்கத்தில் பிறேக் குழாய் இழுபட்டு அறுந்திருக்கலாம். மூட்டைத் தாங்கும் கீழ்க் கையும் வளைந்திருக்கலாம். நின்ற இடத்திலேயே ஜக் வைத்துத் தூக்கி மரக்குற்றியில் நிறுத்துங்கள்.

வலப்பக்கத்தையும் இன்றே பாருங்கள். சில்லைத் தூக்கி, அடியில் ஒரு அலவாங்கைக் கொடுத்து மேல்நோக்கி நெம்பினால் மூட்டுக்குள் ஆட்டம் தெரியும். ஒன்று போயிருந்தால் மற்றதும் அதே வயதுதான், அதே அளவு கிறீஸ்தான் கண்டிருக்கும்.

பெப்ரவரி 6

தனியாக வந்த கேள்வி: "கிறீஸ் அடித்துக்கொண்டுதான் இருந்தோம், பிறகு எப்படித் தேய்ந்தது?"

சில்லு நிலத்தில் நிற்க அடித்திருப்பீர்கள். பாரம் ஏறியிருக்கும்போது மரையின் ஒரு பக்கம் இறுகக் கவ்விக்கொண்டிருக்கும். கிறீஸ் சும்மா கிடக்கும் மறுபக்கத்தால் ஓடி வெளியே வழிந்துவிடும். தேயும் பக்கம் காய்ந்தே கிடக்கும். உடம்புக்கு ஜக் வைத்து, சில்லு தொங்க, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். பழைய கறுத்த கிறீஸ் முழுவதும் வெளியேறிப் புதியது தலைகாட்டும்வரை அடிக்க வேண்டும். கிறீஸ் ஏற்றும் முனை, அதாவது நிப்பிள், மேலே ஒன்று, கீழே ஒன்று. பழைய கையேடு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை என்கிறது. கல்லடிக் கடற்கரையில் இருந்துகொண்டு நான் அதைவிடக் குறைந்த இடைவெளியில் அடிக்கிறேன். எங்கள் காற்றிலுள்ள உப்பு கிறீஸையும் விட்டுவைப்பதில்லை.

பெப்ரவரி 11

3ஆம் திகதி எழுதிய கடைசி வரியை, லேத்தில் கடைந்து தருவார்கள் என்றதை, திரும்பப் பெறுகிறேன். அதை எழுதிய இரவிலிருந்து மனம் உறுத்திக்கொண்டிருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

என்னுடைய கார் பெரியப்பா வாங்கியது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வாத்தியாராக இருந்தவர். அப்பா காலத்தில் சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கைக்கு வந்த பிறகு வலப்பக்க மூட்டில் ஆட்டம் விழுந்தது. கொழும்பில் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போக நேரமில்லை என்று காத்தான்குடியில் லேத் வைத்திருந்த ஒரு நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) கொண்டுபோனேன். அவர் மரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, கடைவது பெரிய வேலை இல்லை. இது என்ன உருக்கு என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது தண்டவாளத் துண்டும் பழைய அச்சும்தான். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது" என்றார். நான்தான் வற்புறுத்தினேன். அச்சொட்டாகக் கடைந்து தந்தார். கையால் சுற்றினால் வெண்ணெய்போல் ஓடியது.

ஒன்பது மாதம். மழைக்காலம் முடிந்து ஜக் வைத்துப் பார்த்தபோது சில்லு அரை அங்குலம் மேலே எழும்பியது. மூட்டு தேய்ந்தது மட்டுமல்ல, கிங்பின்னின் நல்ல மரையையும் தின்றுவிட்டது. முன்பு ஒன்றுதான் வாங்க வேண்டியிருந்தது, பிறகு இரண்டு வாங்க வேண்டியதாயிற்று. அந்த ஒன்பது மாதமும் பிள்ளைகளை அதே காரில்தான் பாடசாலைக்கு ஏற்றிப்போனேன். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஆகவே கிங்பின், மூட்டு, ஸ்டியரிங் பந்துமூட்டு ஆகியவற்றை உள்ளூரில் கடையவும் ஒட்டவும் வேண்டாம். உருக்கின் வகையும் அதைப் பதப்படுத்திய விதமும் தெரியாமல் வடிவத்தை மட்டும் பிரதி எடுத்தால் பாகம் ஆகாது.

பெப்ரவரி 11, இரவு

மேலே எழுதியதைப் படித்தால் லேத்காரர்கள் மேல் நம்பிக்கை வேண்டாம் என்பதுபோல் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அது இல்லை. நீர்ப் பம்பின் அச்சு, டைனமோ புஷ், கதவுப் பிணைச்சல் ஆணி, பெடல் புஷ் எல்லாம் அதே நானா செய்துதந்தவைதான், இன்றுவரை ஓடுகின்றன. உயிர் தொங்கும் பாகம் எது, தேய்ந்தால் சத்தம் மட்டும் போடும் பாகம் எது என்பதை நாம் பிரித்தறிந்து கேட்க வேண்டும். அவர் அன்று எனக்கு அதைத்தான் சொன்னார்.

பெப்ரவரி 18

பஞ்சிகாவத்தையில் தேடுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

கழற்றிய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். வாயால் சொல்லி வாங்கிவந்து பொருந்தாவிட்டால் இன்னொரு இரவு ரயில். நானாவிடம் செய்தது கெட்ட பிறகு நான் போனேன். தேய்ந்த மூட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு விடியற்காலை மருதானையில் இறங்கி, நடந்து போனேன். பத்துக் கடையில் தலையசைத்தார்கள். பதினோராவது கடையில் முதியவர் ஒருவர் மேல் தட்டில் ஏறி, எண்ணெய்த் தாள் சுற்றிய புத்தம் புதிய மூட்டு ஒன்றை இறக்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அச்சொட்டாக ஒரே உருவம். பணம் கொடுத்து வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து சுற்றினால் ஏறவில்லை. மைனரில் ஒரு பக்கத்துக்கு வலச்சுற்று மரை, மறுபக்கத்துக்கு இடச்சுற்று மரை. எனக்கு வேண்டியது வலது, அவர் தந்தது இடது. பழையதன் மரையில் கிறீஸ் அப்பியிருந்ததால் சாய்வு தெரியவில்லை. கிறீஸைத் துடைத்துப் பார்க்கும் ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை. மரையுள்ள சாதாரண ஆணி (போல்ட்) ஒன்றைக் கொண்டுபோய்க் கடையிலேயே மரையின் சாய்வை ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்தைச் சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள். வலது, இடது என்பது சாரதி ஆசனத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது.

பெப்ரவரி 20

நேற்று ஒருவர் தொலைபேசியில் வருத்தப்பட்டார்: "மொரிஸ் என்றதுமே கடைக்காரன் கையை விரிக்கிறான்."

மொரிஸ் என்று ஏன் சொல்கிறீர்கள்? உங்கள் 948 சிசி என்ஜின் ஒரு பெரிய குடும்பத்தின் பிள்ளை. ஒஸ்டின் ஏ35, பிறகு வந்த ஏ40, மினி எல்லாம் அதே வம்சம். மினியில் அந்த வம்சம் 2000ஆம் ஆண்டுவரை உயிரோடு இருந்தது. என்ஜினில் தீப்பொறி தரும் பாகங்களான பொயின்ற், கண்டென்சர், டிஸ்ரிபியூற்றர் மூடி எல்லாம் லூக்காஸ் கம்பனியின் பொருட்கள். அந்தக் காலத்து பிரித்தானியக் கார்கள் பலவற்றுக்குப் பொது.

சில்லுப் பேரிங்கைக் கழுவித் துடைத்துவிட்டு வளையத்தின் விளிம்பைப் பாருங்கள். எண் வெட்டியிருக்கும். அந்த எண்ணை எழுதிக்கொண்டு பேரிங் கடைக்குப் போங்கள், காரின் பேரை வாயிலெடுக்க வேண்டாம். ஒயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. விசிறிப் பட்டிக்கு நீளமும் அகலமும். எனக்குப் பின்சில்லுச் சீல் கிடைத்தது கல்முனையில், உழவு இயந்திரப் பாகம் விற்கும் கடையில். விற்றவருக்கு அது எந்தக் காருக்குப் போகிறது என்று இன்றும் தெரியாது.

மார்ச் 2

சம்மாந்துறையிலிருந்து: பிறேக் மிதியை அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது, வெளியே ஒழுக்கு இல்லை.

மிதியை அழுத்தும்போது பிறேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் தலைமைச் சிலிண்டர்தான் காரணம். மைனரில் அது சாரதியின் காலடிப் பலகைக்குக் கீழே, அடிச்சட்டத்தின் நீளக் காலான செசிக்காலுக்குள் ஒளிந்திருக்கிறது. வெளிச்சமும் காற்றும் படாத இடம். பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். வாவி நிறைந்த எங்கள் பக்கத்தில் அது உறிஞ்ச ஈரத்துக்குப் பஞ்சமில்லை. உள்ளே கறள் குழி விழுந்து, றப்பர் வளையம் அந்தக் குழியைத் தாண்டும்போது ஒயில் பின்னால் நழுவுகிறது. புது றப்பர் போட்டால் இரண்டு மாதம் நிற்கும். குழி இருக்கும்வரை நோயும் இருக்கும்.

கழற்றுவதுதான் வாதை. சிலிண்டரைப் பிடித்திருக்கும் நீள ஆணிகளை வெளியே இழுக்க முடியாதபடி முன்சில்லுக்கு வில்லாக இருக்கும் முறுக்குத் தண்டு, அதாவது டோர்ஷன் பார், குறுக்கே நிற்கும். அதை இறக்கித்தான் ஆணியை எடுக்க வேண்டும். அந்தப் பாரில் காரின் முன்பாரம் முறுக்கேறி நிற்கிறது, முறுக்கைத் தளர்த்தாமல் கை வைத்தால் எலும்பு முறியும். தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது ஆணியின் தலையை மறுபக்கம் வைத்துப் பூட்டுங்கள். அடுத்தமுறை பாரைத் தொடாமலே எடுத்துவிடலாம்.

சிலிண்டரின் உட்புறத்தைச் சற்றுப் பெரிதாக்கி, பித்தளைச் சிலீவ் இறக்கி, பழைய அளவுக்கே, அதாவது எட்டில் ஏழு அங்குலத்துக்கு, மெருகிட்டால் கறளுக்குப் பயமில்லை. எனக்கு இதைச் செய்துதந்தவரும் அதே நானாதான்.

மார்ச் 3

உயிர் தொங்கும் பாகத்தை லேத்துக்குக் கொண்டுபோகாதே என்றவர், பிறேக் சிலிண்டரை மட்டும் எப்படிக் கொண்டுபோகச் சொல்கிறார் என்று ஒருவர் சரியாகவே பிடித்துக்கொண்டார்.

ஒரு நாள் முழுக்க இதை யோசித்தேன். மூட்டில் பாகத்தின் வலுவே நானாவின் உருக்கில் தங்கியிருந்தது. சிலிண்டரில் அழுத்தத்தைத் தாங்குவது பழைய வார்ப்பிரும்பு உடம்புதான். பித்தளை உள்ளே வழவழப்பான சுவராக மட்டும் நிற்கிறது. இது உலகமெங்கும் பழைய கார்க்காரர்கள் செய்துவரும் முறை. ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சிலீவ் போட்ட பிறகு ஒரு மணி நேரம் மிதியின் மேல் கட்டையை முண்டுகொடுத்து அழுத்தி வைத்து ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகும் ஒரு வாரம் உங்கள் ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டுங்கள். புதுச் சிலிண்டர் வாங்க வசதி இருந்தால் புதியதையே வாங்குங்கள்.

இன்னொன்று. பிறேக் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள். என்ஜின் ஒயில் பட்ட கையாலும் தொடாதீர்கள். றப்பர் ஊதிப் பொங்கிவிடும். பிறேக் ஒயிலாலோ மெதிலேற்றட் ஸ்பிரிட்டாலோ மட்டும் கழுவ வேண்டும்.

மார்ச் 10

மழை. வீதியில் போக மனமில்லை. பெரியப்பாவின் கொப்பியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஒயில் மாற்றத்தையும் திகதி போட்டு எழுதியிருக்கிறார். 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு வந்த பக்கத்தில் ஒரே வரி: "தென்னை சாய்ந்து கூரை பள்ளம். என்ஜின் முதல் தடவையிலேயே பிடித்தது." வீட்டுக் கூரை போனதை எங்கும் எழுதவில்லை.

அந்தக் கொப்பியால் ஒரு பாடம் கிடைத்தது. கியர்ப் பெட்டிக்கு அவர் என்ஜின் ஒயிலையே ஊற்றியிருக்கிறார், முப்பதாம் இலக்கம். நான் பல வருடம் தடித்த கியர் ஒயில் ஊற்றி, காலையில் இரண்டாம் கியர் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று தவித்தேன். கையேட்டைத் திறந்தால் அவர் செய்ததுதான் சரி. பின் அச்சுக்குத்தான் தடித்தது. மாற்றினேன், கியர் முரண்டு பிடிப்பது நின்றது.

மார்ச் 17

பெற்றோல் பம்பு பற்றி முன்பு ஒருவரிடம், நின்றால் ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவர் ஆறு மாதமாகத் தட்டிக்கொண்டே ஓடுகிறாராம். தட்டுவது வீடு போய்ச் சேர மட்டும்.

இந்தக் காரிலுள்ள எஸ்யு கம்பனியின் மின்பம்புக்குள் ஒரு சோடி பொயின்ற் இருக்கிறது. சாவியைப் போட்டதும் டிக் டிக் என்று கேட்டு, காபரேற்றர் நிறைந்ததும் அடங்குவது அந்தப் பொயின்ற் திறந்து மூடும் ஓசை. கருகினால் தொடுப்பு விடும். தட்டினால் அதிர்ந்து மறுபடி தொடும். மூடியைக் கழற்றி மெல்லிய தாளால் துடைத்தாலே போதும். நான் இதைக் கற்றது வலையிறவுப் பாலத்தின் நடுவில், இரவு எட்டு மணிக்கு, வவுணதீவுப் பக்கமிருந்து வந்த உழவு இயந்திரக்காரர் பிடித்த டோர்ச் வெளிச்சத்தில். டிக் டிக் அடங்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ பெற்றோல் ஒழுகுகிறது, அல்லது தாங்கி வெறுமை. முதலில் மோந்து பாருங்கள்.

பற்றரியை மாற்றும்போது கவனம்: இந்தக் காரில் உடம்போடு சேர்வது நேர்முனை. இளம் மின்வேலைக்காரர்கள் பழக்கத்தில் எதிர்முனையைப் பூட்டிவிடுவார்கள். பெரிய எழுத்தில் மட்டை எழுதிப் பற்றரிப் பெட்டியில் கட்டிவையுங்கள்.

மார்ச் 24

ஈயமில்லாத பெற்றோல் பற்றிக் கேட்டவருக்கு. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. அந்த ஈயம், என்ஜினில் புகையை வெளியேற்றும் வால்வின் இருக்கைக்கு மெத்தைபோல் இருந்தது. அது இல்லாமல் நீண்ட தூரம் விரட்டினால் இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். அறிகுறி எளிது: வால்வு இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு இருக்க வேண்டும், ஒவ்வொருமுறை அளக்கும்போதும் அது குறுகிக்கொண்டே வரும். அப்போது என்ஜின் தலையைக் கழற்றிக் கடினமான இருக்கை பதிக்கக் கொடுங்கள். ஊருக்குள் மட்டும் ஓடுபவர் அளந்துகொண்டே இருந்தால் போதும். 2022இல் கிழமைக்கு இருபது லீற்றர் பங்கீடு கிடைத்த நாட்களில் என் காருக்கு அந்தத் தேய்மானமே இல்லை.

ஏப்ரல் 7

களுவாஞ்சிக்குடிக்காரருக்கு இங்கிலாந்திலிருந்து பொதி வந்துவிட்டது. கிங்பின் இரண்டும் சரி, ஒன்று வலது, ஒன்று இடது. மூட்டு இரண்டும் வலதாம். புது வருடத்துக்குள் கார் ஓட வேண்டும் என்று மாமியார் ஆசைப்படுகிறார் என்றும் எழுதியிருக்கிறார்.

ஏப்ரல் 7, இரவு

பஞ்சிகாவத்தையில் நான் பிழையாக வாங்கிவந்த அந்த இடது மூட்டு. அதை எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். இன்று மாலை பழைய பால்மா ரின்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஏழாவது ரின்னில், பெரியப்பாவின் பொயின்ற் இடைவெளித் தகடுகளுக்கு அடியில், கிறீஸில் முழுகிக் கிடந்தது. கறள் ஒரு பொட்டுக்கூட இல்லை. எண்ணெய்த் தாளும் அப்படியே.

புது வருடத்துக்கு முன் ஒரு காலை கல்லடிக்கு வாருங்கள். புது இடது கிங்பின்னையும் கொண்டுவாருங்கள். என் கண் முன்னால் சுற்றிப் பார்த்து, கடைசி மரைவரை ஆட்டமில்லாமல் ஏறினால்தான் தருவேன். வலது பக்கத்தையும் மறக்காமல் மாற்றுங்கள். மிஞ்சும் வலது மூட்டு ஒன்றை எனக்குத் தாருங்கள், இந்த ரின்னில் அதே இடத்தில் வைத்துவிடுகிறேன்.